சாரல் காலச் சமதர்மம்

குற்றாலத்து அருவிக்குச் செல்வரும் ஒன்று, வறியவரும் ஒன்று என்று பெருமையோடு பேசுகிறோம். உண்மைதான், நீர் தலையில் விழும் வரையில்! தலை துவட்டிய பின் ஒருவர் பங்களாவுக்குத் திரும்புகிறார். மற்றவர் ஈர வேட்டியோடு தென்காசிப் பேருந்துக்குக் காத்து நிற்கிறார். அருவி தந்த சமத்துவம் அருவிக்கரையோடு முடிந்துவிடுகிறது.

அரசியலிலும் இப்படி ஒரு சாரல் காலச் சமதர்மம் உண்டு. மேடையில் தோழர், மாளிகையில் முதலாளி! தோளிலே சிவப்புத் துண்டு, பெட்டியிலே வட்டிக் கணக்கு! இதைக் கண்டு கசந்த இளைஞர்கள் கேட்கின்றனர்: “செல்வர் வீட்டில் பிறந்தவன் சமதர்மி ஆக முடியுமா? பெயருக்கு முன்னே ‘தோழர்’ என்று எழுதிக்கொண்டால் போதுமா?”

விடை தேடக் கட்சி அறிக்கைகளைப் புரட்ட வேண்டியதில்லை. நமக்கு அண்மையிலுள்ள ஊரைக் களமாகக் கொண்ட நாவலே போதும். நெல்லையில் பிறந்த தொ. மு. சி. ரகுநாதன் 1953இல் அளித்த ‘பஞ்சும் பசியும்’ அது. தென்காசியிலிருந்து நெல்லைக்குச் செல்லும் ரயில் பாதையில் இருக்கிறதே அம்பாசமுத்திரம், அவ்வூர் நெசவாளரின் கண்ணீர்தான் கதை. நூல் விலை ஏறுகிறது, நெய்த துணி தேங்குகிறது, தறி ஓய்கிறது, அடுப்பு அணைகிறது. கடனில் மூழ்கிய கைலாச முதலியார் தம் உயிரையே மாய்த்துக்கொள்கிறார். மறுபுறம், பிறர் இடரிலும் தம் பெட்டியை நிரப்பிக்கொள்ளும் பெருவணிகர் தாதுலிங்க முதலியார். அவருடைய மகன் சங்கர் நெசவாளர் பக்கம் நிற்கிறான்.

இங்கேதான் ஆசிரியரின் துணிவு தெரிகிறது. எங்கோ கடல் கடந்த நாட்டிலுள்ள முதலாளித்துவத்தை ஏசுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கும் முதலாளியை, அதிலும் பெற்ற தந்தையை எதிர்ப்பது எளிதா? சங்கரின் எதிர்ப்பு அங்கே தொடங்குகிறது. ஆகவே அவன் சூடிய பெயர் பொய்யாகவில்லை. பிறப்பு அவனுக்குச் செல்வத்தைத் தந்தது. பக்கத்தை அவனே தேர்ந்துகொண்டான்.

பாராட்டுகிறோம். ஆனால் பகுத்தறிவாளன் பாராட்டோடு நின்றுவிடக் கூடாது. கைலாச முதலியார் மகன் மணி. தாதுலிங்க முதலியார் மகள் கமலா. இருவரும் காதலர். இடையே சுவராக நிற்பது பணம். சாதி அங்கே குறுக்கிடவில்லை. குறுக்கிட வழியும் இல்லை, இரு வீட்டாரும் முதலியார்களே! கமலா நேசித்தவன் சேரியிலே பிறந்தவனாக இருந்திருந்தால்? சங்கர் எந்தப் பக்கம் நின்றிருப்பான்? அந்தத் தேர்வை ஆசிரியர் அவனுக்கு வைக்கவே இல்லை. இதுவே நூலின் பெருங்குறை என்போம். வர்க்கம் பேசுவோர் பலரும் மறந்துவிடும் உண்மை ஒன்றுண்டு. சாதியும் ஒரு சொத்து! பத்திரமின்றி, பதிவின்றி, தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் சொத்து. பணத்தைத் துறந்துவிட்டு அந்தச் சொத்தை மட்டும் பூட்டி வைத்திருப்பவன் பாதிச் சமதர்மியே.

இரண்டு பூட்டையும் உடைத்தவர் உண்டா? உண்டு. தஞ்சைத் தரணியின் மணலூர் மணியம்மை வசதி மிக்க பார்ப்பனக் குடும்பத்துக் கைம்பெண். கூந்தலைக் கத்தரித்தார்; வேட்டி சட்டை அணிந்தார்; பண்ணையாட்களைச் செங்கொடியின் கீழ்த் திரட்டினார். ‘பஞ்சும் பசியும்’ வெளிவந்த அதே 1953இல் மறைந்தார். அவர் எந்த வீட்டிலே பிறந்தார் என்று கேட்டுவிட்டா உழவர் அவர் பின்னே சென்றனர்?

கட்சிப் பெயரும் உரைகல் ஆகாது. ஜமீன் குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, கம்யூனிஸ்டாகச் சிறை புகுந்தவர் மோகன் குமாரமங்கலம். பின்னாளில் காங்கிரசிலே சேர்ந்து மத்திய அமைச்சரானார். சாயம் போயிற்று என்றனர் சிலர். ஆயினும் 1973இல் நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆனபோது, சுரங்கத் துறை அவர் பொறுப்பில்தான் இருந்தது. பெயர் மாறியது, செயல் பேசியது.

தோழர்களே! தென்காசி 2019இல் தனி மாவட்டமாயிற்று. கடையம், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் வட்டாரங்களில் வீட்டுத் திண்ணைகளைப் பாருங்கள். மடியிலே முறம், முறத்திலே இலையும் தூளும். குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றும் தாய்மார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களுக்கெனச் சட்டம் 1966இலேயே வந்தது. வகுப்பிலே நம்முன் அமரும் பிள்ளைகள் பலரின் நோட்டுப் புத்தகம் அந்த முறத்திலிருந்தே வருகிறது. சுற்றிக் கொடுத்த பீடியிலே ஒரு பகுதி ‘தரமில்லை’ என்று கழிக்கப்படும் நாளில், கூலி உயர்வுக்காக அவர்கள் கடை வாசலில் கூடும் நாளில், தங்களைச் சமதர்மிகள் என்போரைத் தேடிப் பாருங்கள். யாருடைய வருவாய் குறையும் என்று தெரிந்த பின்னும் அந்த வாசலுக்கு வருபவர் எவரோ, அவரைத் தோழர் என்று அழையுங்கள். அவர் குடிசையிலிருந்து வந்தாலும் சரி, கோபுர மாளிகையிலிருந்து வந்தாலும் சரி!