கங்காவின் படிப்பு: ஒரு மறுநோக்கு

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது எழுந்த வாதங்கள் பெரிதும் கற்பைப் பற்றியவை. தாய் மகளின் தலையில் நீரூற்றியது சரியா, தவறா என்பதே அன்றைய கேள்வி. அம்முடிவை மாற்றி விரித்தெழுதப்பட்ட 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970) நாவலில், வீட்டைவிட்டு விரட்டப்பட்ட மாணவி கங்கா மீண்டும் படிக்கிறாள், உத்தியோகமும் பெறுகிறாள். நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இதுவே. அவளைப் படிக்கவைப்பவர் மாமா. அவளை இச்சிப்பவரும் அவரே. அவளுக்குக் கல்வி உரிமையாகக் கிடைக்கவில்லை, ஓர் ஆணின் தயவாகக் கிடைக்கிறது. தயவுக்குரிய விலையும் கேட்கப்படுகிறது. ஆசிரியர் இதனைக் கூர்மையாகவே கண்டிருக்கிறார். ஆனால் கங்கா கருவுறவில்லை. கருவுற்றிருப்பின், அவள் படிப்பைத் தொடர நாவலில் இடமிருந்திருக்குமா என்பது ஐயமே.

வன்னியில் இவ்வினா இலக்கிய வினாவாக மட்டும் நிற்பதில்லை. போரின் இறுதியாண்டுகளில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பெற்றோர் பலர் சிறுமியரை அவசர அவசரமாக மணமுடித்துவைத்தனர். 2009இல் நெளுக்குளம் உட்பட வவுனியாப் பகுதிப் பாடசாலைகள் பல இடம்பெயர்ந்தோர் முகாம்களாயின. வகுப்பறையில் குடும்பத்தோடு படுத்துறங்க இடம்பெற்ற ஓர் இளந்தாய், அதே வகுப்பறையில் மாணவியாக அமர இடம்பெறுவாளா?

பொதுச்சட்டத்தின்கீழ் 1995 முதல் திருமண வயது 18. ஆகவே அம்மணங்கள் பதிவுக்கும் உரியனவல்ல. திருமணத்துக்கு வெளியே, 16 வயதுக்குட்பட்டவளுடனான உடலுறவு அவள் இசைந்திருப்பினும் வல்லுறவே. 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளோ 16 வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கின. பதினைந்து வயதிற் கருவுற்றவளும் அவ்விதிக்குட்பட்டவளே. எனினும் 'மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போவினம்' என்ற ஒரு வாக்கியம் போதும், விடுகைப் பத்திரம் எழுதப்பட்டுவிடும். குற்றத்துக்கு ஆளானவளை வெளியேற்றி ஒழுக்கம் காக்கும் விசித்திரம் இது!

எபோலா நோய்க்காலத்தையொட்டி 2015இல் சியாராலியோன் அரசு கருவுற்ற மாணவியரைப் பாடசாலைகளிலிருந்து விலக்கியது. குறைந்த பாடங்களுடன் தனி நிலையங்களையும் அமைத்தது. மேற்காபிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூக நீதிமன்றம் 2019 டிசெம்பரில் இரண்டையுமே பாரபட்சமெனத் தீர்த்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது.

தடை பற்றிய தீர்ப்பிலும் தனி நிலையங்கள் பற்றிய தீர்ப்பே நமக்கு முக்கியமானது. 'தையல் வகுப்புக்கு அனுப்பினாற் போதும்' என்னும் நம்மவர் கருணையும் அந்நிலையங்களின் இனத்தையே சேர்ந்தது. பிரசவகால விடுப்பும் மீள்வருகையும் அதிபரின் மனத்தைப் பொறுத்தவையாக இருக்கலாகாது. எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அவளும் அதே கணிதத்தையும் விஞ்ஞானத்தையுமே படித்தாக வேண்டியிருக்கிறது.