பாடசாலைக்குப் பிந்திய பொழுதும் பொதுநிதியும்: ஒரு விமர்சன நோக்கு

சிறார் குற்றத்தைத் தடுப்பதற்காகப் பாடசாலை தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் பிள்ளைகளைப் பராமரிக்கும் திட்டங்களுக்கு அரசு நிதி வழங்கவேண்டும் என்னும் கருத்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1990களில் வலுப்பெற்றது. கலிபோர்ணிய வாக்காளர் 2002 நவம்பரில் ஏற்றுக்கொண்ட 49ஆம் முன்மொழிவு அக்கருத்தின் முதிர்ந்த வடிவம் எனலாம். அடுத்த ஆண்டு அம்மாநில ஆளுநரான நடிகர் ஆர்னோல்ட் சுவார்சநெகர் முன்னின்று நடத்திய இம்முயற்சி, ஆண்டுக்கு 55 கோடி டொலர் வரை இத்திட்டங்களுக்கு ஒதுக்க வழிசெய்தது. நோக்கம் நன்று, ஆயின் அதற்குக் காட்டப்பட்ட நியாயமும் நிதி பகிரப்பட்ட முறையும் ஆராயற்பாலன.

காட்டப்பட்ட நியாயம் கடிகாரத்தை அடிப்படையாகக் கொண்டது. பாடசாலை நாட்களில் சிறார் புரியும் வன்செயல்கள், பாடசாலை விட்டதை அடுத்துவரும் மணிநேரத்திலேயே உச்சமடைகின்றன என்பதை அந்நாட்டுப் பொலிஸ் தரவுகள் காட்டின. சிறார் வன்செயலுக்கு இலக்காவதும் அப்பொழுதிலேயே மிகுதி. எனவே அப்பொழுதை நிரப்பினால் குற்றம் குறையும் என வாதிக்கப்பட்டது. குற்றம் எப்போது நிகழ்கிறது என்பதை இத்தரவு கூறுகின்றது; ஏன் நிகழ்கிறது என்பதை அது கூறவில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே இவ்வாதத்தின் முதற் குறைபாடு.

இதனை ஆய்வுகளும் உணர்த்துகின்றன. டெனிஸ் கொட்பிரெட்சனும் அவர்தம் குழுவினரும் மேரிலாந்து மாநிலத் திட்டங்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது. இடைநிலைப் பாடசாலை மாணவரிடையே தவறான நடத்தை குறைந்தது. ஆரம்பப் பாடசாலை மாணவரிடையே குறையவில்லை. குறைந்தவிடத்தும், கண்காணிப்பற்ற நேரம் சுருங்கியமை அதற்குக் காரணமாகவில்லை. போதைப்பொருளை நாடாத மனவுறுதியும் நல்ல நண்பர் தொடர்பும் வளர்ந்தமையே காரணம். சமூகத் திறன்களுக்கும் ஒழுக்க வளர்ச்சிக்கும் முதன்மை அளித்த திட்டங்களிலேயே பயன் மிகுதியாகக் காணப்பட்டது. பொழுதை நிரப்புவது வேறு, பிள்ளையை உருவாக்குவது வேறு என்பது இதனாற் பெறப்படும்.

உருவாக்குவதற்குப் பயிற்சியும் நிலைபேறும் உடைய மனிதர் வேண்டும். கலிபோர்ணிய நிதி முறையோ மணியையும் தலையையும் எண்ணியது. மாலை 6 மணிவரை திறந்திருத்தல், 20 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், வருகைக்கேற்ற கொடுப்பனவு என்பன அதன் விதிகள். பாடசாலைக்குப் பின் பராமரிக்கப்படும் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 7.50 டொலர் என 2006இல் வகுக்கப்பட்ட வீதம் 2017 வரை மாறவில்லை. அம்மாநிலத்தின் குறைந்தபட்ச மணிக்கூலியோ 2006இல் 6.75 டொலராக இருந்து, 2017இல் பெரிய தொழில்தருநருக்கு 10.50 டொலராக உயர்ந்தது. சட்டம் தொகையைக் காத்தது. தொகையின் பெறுமதியைக் காக்கவில்லை. திறமையானவரை நிலையாக வைத்திருத்தல் எத்துணை அரிதாகியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வீதம் பின்னர் உயர்த்தப்பட்டது. 2021இல் மாநிலம் இத்துறைக்கு வேறொரு பெருந்திட்டத்தையும் தொடங்கியது. எனினும் இழந்த ஆண்டுகள் மீளா.

நியாயத்தின் பலவீனம் ஆபத்தாகவும் மாறும் என்பதற்கு மத்திய அரசின் திட்டம் சான்று. அத்திட்டம் பற்றிய மதிப்பீட்டின் முதற்கட்ட முடிவுகள் 2003இல் வெளிவந்தன. கல்வியில் ஏற்பட்ட பயன் சிறிதெனவே அவை கூறின. அதனைச் சுட்டி, ஏறத்தாழ 100 கோடி டொலராக இருந்த நிதியை 60 கோடியாகக் குறைக்க ஜனாதிபதி புஷ்ஷின் நிருவாகம் முன்மொழிந்தது. காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. ஆயினும் 2005இல் வெளிவந்த இறுதி அறிக்கை, திட்டத்திற் சேர்ந்த பிள்ளைகள் பாடசாலை விட்ட பின்னர்த் தம்மைக் கூடிய பாதுகாப்புடையோராக உணர்ந்தனர் என்றது. மருந்தென விற்கப்பட்டது நோயைத் தீர்க்கவில்லையெனின், அது அளித்த உணவும் பறிக்கப்படும் நிலை இதுவாகும்.

வறிய பெற்றோர் தொழிலிலிருந்து திரும்பும்வரை அவர்தம் பிள்ளைக்குப் பாதுகாப்பான இடமும் பரிவுள்ள பெரியவரும் கிடைத்தல் அப்பிள்ளையின் உரிமை. அவனை நாளைய குற்றவாளியாகக் கற்பனை செய்துதான் அவ்வுரிமையை வழங்கவேண்டும் என்பதில்லை. அச்சத்தின் பெயராற் பெறப்படும் நிதி அச்சம் தணிந்ததும் வற்றிவிடும். குற்றம் குறையுமாயின் அது வரவேற்கத்தக்க விளைவு; நிதிக்குரிய அடிப்படை பிள்ளையின் நலனாகவே இருத்தல் வேண்டும்.