கையில் ஒரு மலையோடு நூலகம் போங்கள்

பல்கலைக்கழக நூலகத்துக்குள் முதன்முறை நுழைகிறவருக்கு மலைப்புதான் வரும். எந்த அடுக்கில் தொடங்குவது என்று தெரியாமல், தேர்வுக்கு வேண்டிய பாடநூலை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம். நூலகத்தின் ருசி பிடிபட எளிய வழி ஒன்று உண்டு. நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தெந்தத் தொகுப்புகளில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று தேடிப் போங்கள். இங்கே நாம் சேர்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். அதன் மேலிருக்கும் ஏற்காட்டில் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்தவர்களுக்கு, அதே மலையை ஏடுகளில் ஏறிப் பார்ப்பது வேறோர் அனுபவம்.

இரண்டு நூல்களை அருகருகே வையுங்கள்

முதலில் மாவட்ட நூல்கள். லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883-ல் வந்தது. எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெஜட்டியர் 1918-ல் வந்தது. நிர்வாகத்துக்காக எழுதப்பட்ட இந்நூல்களில் மண், மழை, சாலை, வரி, கோயில், குடிகள் என எல்லாம் உண்டு. இரண்டையும் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

முழுதாகப் படிக்க வேண்டாம். ஒரே செய்தியை இரண்டிலும் தேடுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த கதையைத் தேடலாம். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் மலையேறி வந்ததாக இம்மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் சொல்லும் மரபுக் கதையையும் தேடலாம். பிறகு எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதி நூலையும் எடுங்கள். அவர் பழைய கையேட்டிலிருந்து எடுத்தாளும் இடங்கள் கண்ணில் படும். ஒரு செய்தி மூன்று நூல்களில் இருப்பதால் அதற்கு மூன்று சாட்சிகள் என்று ஆகிவிடாது. யார் நேரில் கேட்டார், யார் பார்த்து எழுதினார் என்று பிரித்தறியும் போதுதான் படிப்பு ஆராய்ச்சியாக மாறுகிறது.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். அந்நூல்களின் ‘சேலம் மாவட்டம்’ இன்றைய சேலம் அல்ல. தர்மபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் பிரிந்தன. பழைய புள்ளிவிவரத்தை இன்றைய எல்லைக்குள் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பும்.

ஒரு பெயரைப் பின்தொடருங்கள்

நூலகம் தரும் ஆகப் பெரிய இன்பம் இதுதான். மலையின் பாறையிலிருந்து தொடங்குவோம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பழைய அறிக்கை வரிசையில், 1864-ஐ ஒட்டி வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளின் நில அமைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இதில் ஃபூட் என்ற பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்காலத்தின் வயதையே மாற்றியவர் அவர். பல்லாவரத்துப் பாறையும் சேர்வராயன் பாறையும் சார்னோகைட் என்ற ஒரே இனம் என்பதை, 1900-ல் புவியியல் அறிஞர் ஹாலந்து எழுதிய ஆய்வில் படிக்கலாம். ஃபூட் பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே குடியேறினார். ஆயுள் முழுதும் சேர்த்த தொல்பொருள்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவர் 1912-ல் காலமான பிறகு, 1914-ல் அத்தொல்பொருள்களின் விவர அட்டவணை அச்சானது. எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடைத்தது என்று குறித்திருக்கும் அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பூரிலுள்ள அதே அருங்காட்சியகத்துக்குப் போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல் பேசும்.

பெயரை விட்டுவிடாதீர்கள். ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். அவரும் ஏற்காட்டில் வாழ்ந்து 1882-ல் அங்கேயே மறைந்தவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல். 1874-ல் வந்த அவருடைய பழமொழித் தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன. யாழ்ப்பாணப் பக்கத்தைத் தொடர, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் ‘நூலகம்’ இணையத் தொகுப்பு இருக்கிறது. ஒரு பாறையைக் கேட்டுக் கிளம்பியவர் நாவலரின் வாசலில் வந்து நிற்கிறார். எந்தப் பாடத்திட்டமும் இப்படி ஒரு பாதையைப் போட்டுத் தராது. அடிக்குறிப்புகளும் நூற்பட்டியல்களும் தரும்.

புத்தகமல்லாத தொகுப்புகளையும் பாருங்கள்

செடிகொடிகளுக்கு உலர்தாவரத் தொகுப்புகள் உண்டு. கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் சென்னை உலர்தாவரத் தொகுப்பும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் தொகுப்பும் முக்கியமானவை. உலர்ந்த செடியைவிட, தாளின் மூலையில் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் படியுங்கள். சேகரித்தவர், நாள், இடம், உயரம் எல்லாம் அதில் இருக்கும். பின்னால் வந்த அறிஞர் பெயரைத் திருத்தியிருந்தால் அதற்கும் ஒரு சீட்டு இருக்கும். அறிவு தன்னைத் தானே திருத்திக்கொண்டு வளர்வதை ஒரே தாளில் பார்க்கலாம். ராபினட் தொகுப்பின் கே. எம். மாத்யூ எழுதிய தமிழகக் ‘கர்நாடிக்’ பகுதித் தாவர நூலைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, 1963-ல் ஏற்காட்டில் தொடங்கப்பட்ட தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய் உயிருள்ள செடிகளைப் பாருங்கள்.

ஆய்வேட்டைக் கடைசியிலிருந்து படியுங்கள்

சேலம் பெரியார் பல்கலைக்கழகம் உட்பட இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. முன்னுரையில் தொடங்கிச் சோர்ந்துபோக வேண்டாம். பின்னிணைப்பில் தொடங்குங்கள். களத்தில் எடுத்த பேட்டிகள், வினாப் பட்டியல்கள், படங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்து நூற்பட்டியல். ஐந்து ஆய்வேடுகளை எடுத்தால், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் நூலே நீங்கள் படிக்க வேண்டிய நூல். தேடும்போது ‘சேர்வராயன்’ என்பதோடு நிறுத்தாமல், ஆங்கிலேயர் எழுதிய ‘ஷெவராய்’ என்பதையும் போடுங்கள்.

நூலகரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்

சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், வாசகருக்கும் நூலுக்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். அவர் வகுத்த ஐந்து விதிகளின் மையம் வாசகர்தான். எனவே தயங்க வேண்டாம். ‘ஏற்காடு பற்றி ஏதாவது’ என்று கேட்காமல், ‘1900-க்கு முன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டக் கூலி பற்றி’ என்று கேளுங்கள். கேள்வி கூர்மையானால், அடுக்குக்குப் பின்னால் இருக்கும் அரிய நூல் அலமாரியும் திறக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு குறை தெளிவாகத் தெரியும். இம்மலையைப் பற்றி எழுதியவர்களில் பலர் கலெக்டர்கள், பாதிரியார்கள், விஞ்ஞானிகள். தலைச்சோலை போன்ற மலைக்கிராமங்களின் பெரியவர்கள் செடிக்கும் ஓடைக்கும் வைத்திருக்கும் பெயர்களையும், தோட்ட வேலையின் நினைவுகளையும், அவர்கள் சொல்லக் கேட்டு, நாளும் இடமும் குறித்து, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள். அடுத்து வருகிறவர் மலை மக்களின் சொல்லை அவர்கள் வாய்மொழியாகவே படிக்கட்டும்.