முத்திரையும் மனச்சாட்சியும்: கணினி விளையாட்டில் அறத்தேர்வு பற்றிய ஒரு நோக்கு

பொழுதுபோக்கென ஒதுக்கப்பட்ட வடிவங்கள் காலப்போக்கிற் கலையாக ஏற்கப்பட்டமைக்கு நாவலும் திரைப்படமும் தக்க சான்றுகளாகும். கணினி விளையாட்டு இன்று அத்தகையதொரு கட்டத்தில் நிற்கின்றது. அதனைக் கலையெனக் கொள்வோர் முன்வைக்கும் நியாயம் ஒன்றுண்டு. நாவலின் வாசகர் பாத்திரம் எடுத்த முடிவை அறிகின்றார். விளையாடுபவரோ அம்முடிவைத் தாமே எடுக்கின்றார். ஆதலால் அறப்பிரச்சினைகளை எழுப்புவதற்கு இவ்வடிவம் சாலப் பொருந்தும் என்பதே அந்நியாயம். இது ஒருபுறம் உண்மையே. ஆயினும், தெரிவு செய்யும் வாய்ப்பு இருப்பதனால் மாத்திரம் அறச்சிக்கல் தோன்றிவிடுமா என்பது ஆராயற்பாலது.

2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபேபிள்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். அதிலே நற்செயலுக்கும் தீச்செயலுக்கும் புள்ளிகள் உண்டு. தீமை மிகுந்தால் நாயகனின் தலையிற் கொம்பு முளைக்கும். நன்மை மிகுந்தால் ஒளிவட்டம் தோன்றும். எது நன்று, எது தீது என்பது தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. விளையாடுபவர் தமக்கு வேண்டிய வேடத்தைத் தெரிந்துகொள்கின்றார், அவ்வளவே. நல்லவராக இருப்பதற்கு அவர் கொடுக்கும் விலை சொற்பம். விலையில்லாத தேர்வு மனச்சாட்சியைத் தொடுவதில்லை.

இதற்கு நேர்மாறான பாதையிற் சென்றது, அமெரிக்கரான லூக்காஸ் போப் தனியொருவராக உருவாக்கி 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்' என்னும் படைப்பாகும். ஆர்ஸ்தோற்ஸ்கா என்பது அதிற் கற்பிக்கப்பட்ட ஒரு சர்வாதிகார நாடு. ஆண்டு 1982. அயல்நாட்டுடன் ஆறாண்டுகள் நடைபெற்ற போர் ஓய்ந்து, எல்லைச் சாவடி மீண்டும் திறக்கப்படுகின்றது. தொழிற் குலுக்கலில் தெரிவான ஒருவர் அங்கே குடிவரவு உத்தியோகத்தராக நியமிக்கப்படுகின்றார். விளையாடுபவர் ஏற்பது அவரது இடத்தை. கடவுச்சீட்டின் காலாவதித் திகதி, வழங்கப்பட்ட நகரம், நிழற்படம், பெயர் ஆகியவற்றை ஒப்புநோக்கிப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்துவதே வேலை. சரியாகப் பரிசீலித்த ஒவ்வொருவருக்கும் ஐந்து அலகு கூலி. மாலையில் அக்கூலியைக் கொண்டு வாடகை, உணவு, வெப்பம் ஆகியவற்றுக்கு ஈடுகொடுத்தல் வேண்டும். மனைவி, மகன், மாமியார், மாமன் என நால்வர் அவரை நம்பியிருக்கின்றனர்.

இப்படைப்பின் கூர்மையை இரு நிகழ்ச்சிகள் புலப்படுத்தும். ஒருநாள் கணவன் ஒருவன் வருகின்றான். அவனது பத்திரங்கள் ஒழுங்கானவை. அடுத்து வரும் மனைவியிடம் நுழைவு அனுமதிப் பத்திரம் இல்லை. திரும்பிச் சென்றால் உயிருக்கு ஆபத்து என அவள் இரந்து நிற்கின்றாள். பிறிதொரு நாள் ஒரு பெண், பின்னால் வரும் ஒருவன் தன்னைப் பாலியற் தொழிலில் தள்ளப்போவதாக எழுதிய துண்டொன்றை நீட்டுகின்றாள். அவன் வந்து சேரும்போது அவனது பத்திரங்களிற் குறையேதும் இல்லை. முன்னையதிற் சட்டம் ஏதிலியை விலக்குகின்றது. பின்னையதில் அதே சட்டம் கொடியவனை வரவேற்கின்றது. ஈரிடத்தும் மனிதத்தன்மையோடு நடப்பதாயின் விதியை மீறுதல் தவிர்க்க முடியாததாகின்றது.

அம்மீறலுக்கு விலை உண்டு; விலை வகுக்கப்பட்டுள்ள முறையே இப்படைப்பின் உச்சமான சாதனை. ஒரு நாளில் முதல் இரு தவறுகளுக்கும் எச்சரிக்கை மட்டுமே. மூன்றாவதிலிருந்து கூலி வெட்டப்படும். எனவே, விளையாடுபவர் விரைவிலே ஒரு கணக்கைப் பழகிக்கொள்கின்றார். இரண்டு தவறுகளைச் சேமித்து வைத்தால் இருவருக்கு இரங்கலாம். கவனக்குறைவால் அவற்றை இழந்தவர், அடுத்து வரும் துன்பப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்ப நேரிடும். இரக்கம் இங்கே பங்கீட்டுப் பொருளாகிவிடுகின்றது. காவலாளி ஒருவன், கைதுகள் மிகுந்தாற் தனக்குக் கிடைக்கும் மேலதிகக் கொடுப்பனவிற் பங்கு தருவதாகக் கூறும்போது, திருப்பியனுப்பினாலே போதுமானவர்களையும் சிறைக்கு அனுப்பும் ஆசை எழுகின்றது. வெறுப்பு என்பது மருந்துக்கும் இல்லை. வீட்டு வாடகை மட்டுமே காரணம். கொடுங்கோன்மை தன் இயக்கத்துக்குக் கொடியவர்களை எதிர்பார்ப்பதில்லை, களைத்துப்போன சம்பளக்காரர்களே அதற்குப் போதும் என்னும் உண்மை எந்தப் பிரசங்கமும் இன்றி உணர்த்தப்படுகின்றது.

உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கவொண்ணாதவை என்னும் விமர்சனக் கோட்பாட்டுக்கு இது நல்ல உதாரணம். ஒடுங்கிய மேசை, ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவியும் தாள்கள், ஓடும் கடிகாரம் ஆகியவை அலங்காரங்கள் அல்ல. பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து முகங்களைப் பார்க்க மறந்துபோகும் நிலையை விளையாடுபவரின் கைகளிலேயே அவை உண்டாக்குகின்றன. 1930ஆம் ஆண்டை அண்டிப் பிறெக்ற் எழுதிய போதனை நாடகங்கள், பார்ப்போரைவிட நடிப்போரே நடிப்பதன் மூலம் கற்றல் வேண்டும் என்னும் நோக்குடையவை. அந்நோக்கு கணினித் திரையில் எதிர்பாராத வகையிற் கைகூடியுள்ளது எனலாம்.

குறைகளும் இல்லாமலில்லை. குடும்பத்தினர் நாள் முடிவில் 'பசி', 'குளிர்', 'நோய்' என்ற சொற்களாகவே தோன்றுகின்றனர். அவர்களது இழப்பு உறவின் இழப்பாக அன்றிக் கணக்கின் இழப்பாகவே பலருக்குப் படக்கூடும். அதனினும் பெரிய குறை வேறொன்று. ஒவ்வொரு நாளும் தனித்தனியே பதியப்படுவதால், விரும்பிய நாளுக்குத் திரும்பி வேறு வழியிற் செல்லலாம். இருபது முடிவுகள் உள்ளன என அறிந்தவர், அவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகச் சேகரிக்கவும் முற்படுவர். மீளப்பெற முடியாமையே அறச்செயலின் இயல்பாகும். திருப்பியனுப்பப்பட்டவளை மறுமுறை அழைக்கலாம் எனில், குற்றவுணர்வு வெறும் பரிசோதனையாகச் சுருங்கிவிடுகின்றது. படைப்பு தான் கட்டியெழுப்பிய பாரத்தைத் தானே இறக்கி வைக்கும் இடம் இதுவாகும்.

எனினும், இவ்வடிவத்தின் தகுதி பற்றிய ஐயம் மெல்ல நீங்கி வருகின்றது. சரயேவோ முற்றுகையின் அனுபவங்களை அடியாகக்கொண்டு 2014இல் வெளிவந்த 'திஸ் வோர் ஒஃப் மைன்' என்னும் விளையாட்டைப் போலந்து அரசு 2020இல் உயர்நிலைப் பள்ளிகளுக்குரிய துணைக் கல்விப் பொருளாக ஏற்றது. நகரில் அகப்பட்ட பொதுமக்களின் பட்டினியே அதன் பொருள். இவ்விரு படைப்புகளிலும் வீரர்கள் மையத்தில் இல்லை. உண்ணவும் உறங்கவும் வேண்டியிருக்கும் சாதாரண மனிதரே உள்ளனர்.

நல்லவராக இருக்க விரும்புகின்றீரா என்று வினவும் கலைக்கு விடையளித்தல் எளிது. அதற்காக எதனை இழப்பீர் என்று வினவும் கலையே நெஞ்சில் நிற்கும். 'பேப்பர்ஸ், பிளீஸ்' இரண்டாவது வினாவை வினவுகின்றது. அதற்குரிய விடையை இறப்பர் முத்திரையாக்கி விளையாடுபவரின் கையிலே கொடுத்துவிடுகின்றது.