பரிவுக் கொள்கையும் கருத்துமுதல்வாதக் குற்றச்சாட்டும்

இரசாயனப் பிணைப்புப் பற்றிய கோட்பாடுகள் ஆய்வுகூடத்துக்கு மட்டுமே உரியன என்ற எண்ணம் பரவலாக உண்டு. 1951 ஜூனில் சோவியத் விஞ்ஞானக் கழகம் மொஸ்கோவில் கூட்டிய மாநாடு இவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கின்றது. அமெரிக்கரான லைனஸ் போலிங்கின் பரிவுக் கொள்கை அங்கு கருத்துமுதல்வாதம் எனக் கண்டிக்கப்பட்டது. அக்கொள்கையைத் தம் நூலிற் கையாண்ட சிர்க்கின், தியாத்கினா ஆகிய சோவியத் அறிஞரும் கண்டனத்துக்குள்ளாயினர்.

சர்ச்சையின் மூலத்தை முதலில் நோக்குவோம். இரு அணுக்கள் ஓர் இலத்திரன் சோடியைப் பங்கிடுவதால் பிணைப்பு உண்டாகிறது என 1916 இல் லூயிஸ் விளக்கினார்; இதுவே பங்கீட்டுவலுப் பிணைப்பு. பென்சீன் இவ்விளக்கத்துள் எளிதில் அடங்கவில்லை. காபன் அணுக்களிடை ஒற்றைப் பிணைப்பின் நீளம் ஏறத்தாழ 1.54 அங்ஸ்ரம், இரட்டைப் பிணைப்பினது 1.34. பென்சீனிலோ ஆறு பிணைப்புகளும் சமநீளமுடையன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.39 அங்ஸ்ரம். ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வரும் கட்டமைப்புகளை வரைந்து, உண்மை மூலக்கூறு அவற்றின் கலப்பு என்றார் போலிங்.

இல்லாத கட்டமைப்புகளைக் கொண்டு உள்ள பொருளை விளக்குவது பொருள்முதல்வாதமாகுமா? இதுவே கண்டித்தோரின் வினா. அது அற்பமானதன்று; மூலக்கூறு இரு வடிவங்களுக்கிடையே ஊசலாடுகின்றது என மயங்குவோர் இன்றும் உளர். ஆயினும் உருவகத்தை உருவகமென அறிந்தே பயன்படுத்துபவர் கருத்துமுதல்வாதியாகிவிடுவதில்லை. பரிவு மனிதர் வகுத்த கருத்தே என்பதைப் போலிங்குடன் பணியாற்றிய வீலண்ட் மறைக்கவில்லை. மறுபுறம், தனித்தனி இரட்டைப் பிணைப்புகள் கொண்ட வடிவிலும் பார்க்கப் பென்சீன் மோலுக்கு ஏறத்தாழ 150 கிலோயூல் உறுதி மிக்கது என்பது வெப்ப அளவீடுகள் தரும் முடிபு. சிந்தனையின் மெய்ம்மை நடைமுறையிலேயே நிறுவப்படுமென 1845 இல் எழுதியவர் மார்க்ஸ். அவர் பெயரால் கூடிய மாநாடு அவ்வுரைகல்லைக் கைவிட்டு முத்திரையைக் கையிலெடுத்தது.

முரண் இத்துடன் முடியவில்லை. மொஸ்கோ கருத்துமுதல்வாதியாகக் கண்ட போலிங்குக்கு, பொதுவுடைமைச் சார்பினர் என்ற ஐயத்தால் 1952 இல் அமெரிக்க அரசு கடவுச்சீட்டு மறுத்தது. பிற்காலத்தில் மூலக்கூற்று ஒபிற்றல் முறை பெருவழக்குற்றமைக்கும் கண்டனத் தீர்மானம் காரணமன்று. கணிப்புக்கு அம்முறை இலகுவாய் அமைந்தமை ஒரு முக்கிய காரணமாகும்.

இலக்கிய விமரிசனத்தில் ஈடுபடும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. கனவோ தொன்மமோ ஒரு படைப்பில் வந்தவுடன் அதனை யதார்த்த விரோதம் எனத் தள்ளுவோர் நம்மிடையேயும் உளர். அது எந்தச் சமூக உண்மையைப் புலப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என ஆராய்வதே பொருள்முதல்வாத விமரிசனத்தின் பணி. தீர்ப்பு ஆய்வுக்கு முந்துமாயின், எத்தத்துவத்தின் பெயரால் வழங்கப்படினும் அது விமரிசனமாகாது.