ஒலி ஒன்று, பொருள் வேறு

ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் ஆங்கிலச் சொற்களை நம் இலக்கணக் கையேடுகள் இரண்டிரண்டாகப் பட்டியலிட்டுத் தருகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ப்பொருள் இருக்கும். மாணவர் மனப்பாடம் செய்வார், மதிப்பெண்ணும் பெறுவார். பட்டியலால் எழுத்துக்கூட்டு மனத்தில் பதியும் என்பது உண்மையே. ஆனால், சொல்லைப் பயன்படுத்த அது கற்பிக்கிறதா? பனியன் தொழில் சூழ்ந்த திருமுருகன்பூண்டியில் நின்று சோதித்துப் பார்ப்போம்.

'கோர்ஸ்' என்னும் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஓ, யு' எழுத்துகள் வரும் சொல்லுக்குப் 'பாடநெறி' என்றும், 'ஓ, ஏ' வரும் சொல்லுக்குச் 'சொரசொரப்பான' என்றும் கையேடு பொருள் கூறும். துணி பின்னும் கூடத்தில் இந்தப் பொருள்கள் உதவா. அங்கே முதற்சொல், பின்னல் துணியில் குறுக்காகச் செல்லும் ஒரு கண்ணி வரிசையைக் குறிக்கும். இரண்டாம் சொல் தடித்த நூலைக் குறிக்கும். ஒரு பவுண்டு பருத்தி நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே நூலின் நம்பர். ஆகவே 20ஆம் நம்பர் நூல் 40ஆம் நம்பரைவிடத் தடித்தது. அங்குலத்துக்குக் கண்ணி வரிசை கூடவேண்டும் என்ற குறிப்பைத் தடித்த நூல் வேண்டும் என்று படித்துவிட்டால், கேட்ட துணி ஒன்று, வந்த துணி வேறொன்று என்றாகிவிடும்.

சிற்பக் கூடங்களுக்குப் பெயர்பெற்ற இவ்வூருக்குக் கல் புதிதன்று. சுவரில் கிடையாக அமையும் ஒரு கல் வரிசைக்கும் அந்த முதற்சொல்லே பெயர். 'ஓட்டம்' எனப் பொருள்படும் லத்தீன் சொல் அதன் வேர். பாடமும் கண்ணியும் கல்லும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவனவே. இதைச் சொல்லிவிட்டால் மூன்று பொருளும் தாமே விளங்கும். கையேடு சொல்லாமல் விடுவது இதைத்தான்.

'டையிங்' என்பதையும் பாருங்கள். சாயமிடுதலைக் குறிக்கும்போது 'டி, ஒய்'க்குப் பின் ஓர் 'இ' உண்டு. இறத்தலைக் குறிக்கும்போது அது இல்லை. சாயப்பட்டறைப் பலகையில் அந்த 'இ' விடுபட்டால், பட்டறை இறந்துகொண்டிருப்பதாகப் பொருள்படும்!

'எஃப்ளுவன்ட்', 'அஃப்ளுவன்ட்' என்ற இணைக்கும் வேர் ஒன்றே. அதன் பொருள் பாய்தல். முன்னது வெளியே பாய்வது, அதாவது கழிவுநீர். பின்னது வந்து பாய்வது. ஆகவே செல்வம் பெருகிய நிலையையும், பேராற்றில் வந்து சேரும் துணையாற்றையும் குறிக்கும். நொய்யலுக்கு நல்லாறு பின்னது, சாயக்கழிவோ முன்னது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த வழக்கைப் பற்றி ஆங்கிலத்தில் படிப்பவர் முதலெழுத்தில் தவறினால், கழிவைச் செல்வமாகக் கொள்வார்.

பேச்சில் 'அரை'யும் 'அறை'யும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆயினும் அரைப்படி அரிசியையும் அறைக்கதவையும் நாம் குழப்புவதில்லை. பொருளை நேரில் அறிந்திருக்கிறோம். ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே வழி. பட்டியலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, உங்கள் ஊர்த் தொழிலிலிருந்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். கையேடு எழுதுவோரும் அப்படியே செய்யலாமே! அப்போது சொல் தேர்வோடு மறையாது. வேலைக்குச் செல்லும் இடத்திலும் துணைநிற்கும்.