தொட்டிக்குள் நுழைந்த தேசம்

ச. பாலமுருகன் 2004ஆம் ஆண்டில் படைத்தளித்த 'சோளகர் தொட்டி' என்னும் புதினத்தை இலக்கியமென ஏற்பதில் இன்றும் சிலருக்குத் தயக்கம் உண்டு. மனித உரிமைப் பணியில் ஈடுபட்ட வழக்கறிஞர் ஒருவர் எழுதிய ஆவணம் இது, புதினம் அன்று என்பது அவர்தம் வாதம். அத்தயக்கத்தை நாம் முற்றிலும் தள்ளிவிடவில்லை. நூலின் பிற்பகுதியில், வீரப்பனைத் தேடிவந்த இரு மாநில அதிரடிப்படையினரின் கொடுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. அக்குவியலில் மனிதர்களின் முகங்கள் மங்கிக் காயங்களே எஞ்சுகின்றன. கலை நோக்கில் இது குறையே.

ஆனால், முற்பகுதியை ஊன்றிப் படித்தோர் நூலை அவ்வளவில் ஒதுக்கிவிட மாட்டார்கள். காடும் வேளாண்மையும் வழிபாடும் பின்னிப் பிணைந்த ஒரு சிற்றூரின் வாழ்வு அங்கே அவசரமின்றி விரிகிறது. அதன் நடுவே, வெளியிலிருந்து வந்தவனிடம் நிலம் பறிபோகிறது. புதினத்தின் உயிர்நாடி இவ்விடமே என்பது நம் கருத்து. அரசர் முதல் நூலில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் நினைவுகூர்வோம். ஆகாபு படை அனுப்பவில்லை. அரச முத்திரையிட்ட மடல் சென்றது, பொய்ச்சான்றினர் அமர்த்தப்பட்டனர், அதன் பின்னரே கல் எறியப்பட்டது. தொட்டியிலும் முதலில் நுழைவது அதிகாரத்தின் தாள். தடி பிறகே வருகிறது. இவ்வரிசையைப் பாலமுருகன் சரியாகக் கண்டிருக்கிறார். முற்பகுதியைத் தவிர்த்துப் பிற்பகுதியை மட்டும் பேசும் திறனாய்வுகள் இதைத் தவறவிடுகின்றன.

சோளகர் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றவர்கள். அரசியலமைப்பின் 342ஆம் பிரிவு அவர்களை அறிந்தேற்கிறது. அவ்வேற்பு அவர்களுக்கு என்ன தந்தது? ஐந்தாம் அட்டவணையின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி தமிழகத்தில் ஒன்றுகூட இல்லை. எனவே, கிராம சபைக்கு வலிமை தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இம்மலைகளுக்கு ஏறவில்லை. மக்களுக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது. அவர்தம் மண்ணுக்குக் கிடைக்கவில்லை.

1946 டிசம்பரில் அரசியலமைப்பு அவையில் பேசிய ஜெய்பால் சிங், தம் மக்களுக்கு மக்களாட்சியைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை என்று வாதிட்டார். 'ஆதிவாசி' என்ற சொல்லுக்காகவும் அவர் போராடினார். அரசியலமைப்போ அட்டவணைப் பழங்குடி என்றே எழுதியது. சிலரை ஆதிக்குடிகள் என்று அழைத்தால் நாட்டின் ஒருமைப்பாடு குலையும் என்போர் இன்றும் 'வனவாசி' என்கின்றனர். காட்டில் வசிப்பவர் என்ற பெயரில் உரிமைக்கு இடமில்லை; முகவரி மட்டுமே உண்டு. அந்த முகவரியிலிருந்தும் வெளியேற்ற இயலும். ஒருமைப்பாட்டைப் பற்றி இப்புதினம் எதுவும் சொற்பொழிவாற்றவில்லை. காவிரி நீரில் ஒன்றுபடாத இரு மாநிலங்கள், தொட்டியை வதைப்பதில் ஒன்றுபட்டு நின்றதை மட்டும் காட்டுகிறது. இது கற்பனை அன்று. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதியரசர் சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரிக்கும் அளவுக்கு அது நடந்தது.

மலை தொலைவில் இருக்கிறதே என்று நம் வாசகர் எண்ணலாம். நம் திருப்புட்குழியின் பெயரிலேயே ஒரு புள் குடியிருக்கிறது. சடாயுவுக்கு இராமன் மகனாய் நின்று ஈமக்கடன் ஆற்றிய தலம் என்பது இவ்வூர் மரபு. காட்டுப் பறவையைத் தந்தையாக ஏற்ற மரபு அது. அதே காஞ்சி வட்டாரத்தில் ஏரிக்கரையோரம் பட்டாவின்றி வாழும் இருளர், தாம் இருளர்தாம் என்று நிறுவுவதற்கு வருவாய்க் கோட்டாட்சியரின் சான்றிதழுக்காகக் காத்திருக்கின்றனர். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை.

ஐந்தாம் அட்டவணை ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்று ஜார்க்கண்டில் இடைவிடாது கேட்டவர், திருச்சி மண்ணில் பிறந்த இயேசு சபை அருள்பணியாளர் ஸ்டேன் சுவாமி. 2020 அக்டோபரில் கைதாகி, வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குகள் பல. அவர் கேட்ட கேள்வியை அன்பியக் கூட்டங்களில் எடுத்துப் பேசிய பங்குகள் எத்தனை?

இந்நூலைப் பங்கு நூலகங்களில் வைக்கலாம். வதைக்காட்சிகள் கடுமையானவை; ஆகவே இளையோர் கையில் தருமுன் பெரியோர் ஒருமுறை படித்துவிடுவது நன்று. முதல் நூறு பக்கங்களை மட்டும் விரைந்து கடக்க வேண்டா.